பெரட்டுக்கு வராத டிஸ்க்

தீபாவளிக்கு முதல் நாள் இரவு. ரிங்லெட்டில் அப்பா வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து, அம்மா சுட்டு அடுக்கிய முறுக்கை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்தேன். வெளியே கேமரன் மலைக்கே உரிய மழை. வலுக்கவும் வலுக்காது, விடவும் விடாது. ஒன்பதே முக்காலுக்குக் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சைபர்ஜெயாவில் நாங்கள் பராமரிக்கும் தரவுக் கிடங்கில் 137-ஆம் எண் வன்தட்டு செத்துப்போயிருந்தது.

“என்னடா, ஆபீஸா?” என்றார் அப்பா.

“ஆமாப்பா. ஒரு டிஸ்க் போயிருச்சு.”

“அப்பக் கெளம்பணுமா?”

“வேணாம்பா. மத்த டிஸ்க்குங்களே பாத்துக்கும்.”

அப்பா நம்பவில்லை. முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர் அவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கெடுத்து, இன்னார் இன்ன நிரைக்கு என்று பிரித்து அனுப்பியவர். ஆங்கிலேயர் காலத்துப் ‘பரேடு’தான் தோட்டத்து வாயில் பெரட்டு ஆனது. 1929-இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் போ தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலையில் கொழுந்தெடுப்பு பெரட்டில்தான் விடிந்திருக்கிறது.

“ஆளு வரலேன்னா அவன் நெரைய யாரு எடுக்கறதுன்னு ஒருத்தன் சொல்லணும்ல. அங்க யாரு சொல்றது?”

நான் பார்க்கும் வேலையின் ஆக அழகான ரகசியம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அங்கே யாரும் சொல்வதில்லை. அப்படியிருந்தும் வேலை நடக்கிறது. எப்படி என்பதை அன்றிரவு அப்பாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். அதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்த 137. வன்தட்டு என்பது உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய உலோகப் பெட்டி. உள்ளே கண்ணாடிபோல மின்னும் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கின்றன. அதாவது நொடிக்கு 120 சுற்று. தகட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் பிளஸ் நெடுஞ்சாலையில் அனுமதித்த வேகமே 110தான். அந்த ஓட்டத்தின் மேல், தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு நுண்முனை மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. இடையிலுள்ள சந்து ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. இப்படி இரவு பகலாக நான்கைந்து ஆண்டுகள் ஓடுகிறது. அது ஏன் சாகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை நாள் எப்படி உயிரோடு இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆனாலும் சாகும். பெரிய கிடங்குகளின் அனுபவத்தில், நூறு டிஸ்க்குகளில் ஒன்றிரண்டு ஆண்டுதோறும் போய்விடுகின்றன. எங்களிடம் இருப்பவை 240. எனவே வருஷத்துக்கு மூன்று நான்கு சாவு நிச்சயம். பத்தாயிரம் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று. எது எப்போது என்று முன்கூட்டிச் சொல்வதும் கடினம். கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செத்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த முன்னறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. மாலை வரை கொழுந்தெடுத்தவர் மறுநாள் பெரட்டில் இல்லை என்பதுபோல.

பழைய காலத்து விடை, சாகாத டிஸ்க்கைத் தேடி வாங்குவது. விலை உயர்ந்த ஒரே பெரிய இயந்திரம், அதற்கென்று தனிக் கவனிப்பு. அந்த எண்ணத்தையே பலர் தலைகீழாக்கினார்கள். சஞ்சய் கெமாவத்தும் அவருடைய கூகுள் சகாக்களும் 2003-இல் தங்கள் கோப்பு முறையை விவரித்து எழுதியபோது, பழுது என்பது விதிவிலக்கில்லை, அன்றாட நடப்பு என்று வைத்துக்கொண்டே தொடங்கினார்கள். சாதாரண, மலிவான பெட்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கு. அவை செத்துக்கொண்டே இருக்கும் என்று எதிர்பார். சாவுகளுக்கு நடுவில் தரவு வாழும்படி ஓர் ஏற்பாட்டைச் செய். இந்த ஏற்பாட்டுக்குப் பரவல் சேமிப்பு என்று பெயர். பல கணினிகள் சேர்ந்து ஒரே பெரிய கிடங்குபோல வெளியே தோன்றும் அந்தக் கூட்டத்தைக் கிளஸ்டர், அதாவது கொத்து, என்போம்.

எங்கள் கொத்து ஓடுவது செஃப் என்ற கட்டற்ற மென்பொருளில். கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாக சேஜ் வைல் என்பவர் வடித்தது. 2006-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பெயர் ஆக்டோபஸ், கணவாய் இனத்தின் அறிவியல் பெயரிலிருந்து வெட்டி எடுத்தது. பொருத்தமான பெயர். ஆக்டோபஸின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் அதன் கைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு கையும் தலையைக் கேட்காமலே பல முடிவுகளை எடுக்கும். அணுத்துகள் ஆராயும் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகமும் 2013 முதல் இதைப் பயன்படுத்துகிறது. இதே மென்பொருளை மூன்று பழைய கணினிகள் வைத்திருக்கும் கல்லூரி மாணவரும் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இப்போது ஒரு படத்தைப் பின்தொடர்வோம். காலையில் சுங்கை பாலாஸ் சரிவில் பனி விலகும்போது அப்பாவை வைத்து ஒரு படம் எடுத்தேன். அளவு 12 மெகாபைட். அது கொத்துக்குள் போனதும் 4 மெகாபைட் கொண்ட மூன்று துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நகல். ஆக, ஒன்பது துண்டுகள். ஒரே துண்டின் மூன்று நகலும் ஒரே டிஸ்க்கில் இராது, ஒரே கணினியில் இராது, எங்கள் ஏற்பாட்டில் ஒரே அலமாரியில்கூட இராது. மூன்று நகலும் பத்திரமாக எழுதப்பட்ட பிறகுதான் ‘வந்து சேர்ந்தது’ என்று கைப்பேசிக்குப் பதில் போகும். கண் சிமிட்டும் நேரத்தில் இவ்வளவும் முடிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். இப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள். எது எங்கே இருக்கிறது என்று யார் நினைவில் வைத்துக்கொள்வது? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒரு பேரேடு வைத்திருப்பார். அதுபோல ஒரு கணினியில் பெரிய பேரேடு வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் எல்லாரும் அந்த ஒரே பேரேட்டின் முன் வரிசையில் நிற்க வேண்டும். பேரேடு எரிந்தால் துண்டுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தும் பயனில்லை.

செஃப் பேரேடு வைப்பதில்லை. கணக்குப் போடுகிறது. இதை அப்பாவுக்கு விளக்கக் கூடத்துச் சுவரில் தொங்கிய நாள்காட்டி உதவியது. தைப்பூசம் என்றைக்கு என்று தெரிந்துகொள்ள பிரிஞ்சாங் கோயிலுக்குத் தொலைபேசி அடிக்க வேண்டியதில்லை. பஞ்சாங்கக் கணிதம் தெரிந்த ஒருவர் தானா ராத்தாவில் உட்கார்ந்து கணித்தாலும், இன்னொருவர் தஞ்சாவூரில் உட்கார்ந்து கணித்தாலும் அதே தைப்பூசம்தான் வரும். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அதேபோல், துண்டின் பெயரையும் கொத்தின் வரைபடத்தையும் ஒரு குறிப்பிட்ட கணிதத்தில் போட்டால், ‘இது 22, 137, 201-ஆம் டிஸ்க்குகளில்’ என்று விடை வரும். வரைபடம் என்பது எந்த அலமாரியில் எந்தக் கணினி, அதில் எந்தெந்த டிஸ்க், எது உயிரோடு என்ற சிறு விவரம். கணக்குப் போடுவது உங்கள் கைப்பேசிக்குப் பின்னிருக்கும் கணினியானாலும், 137-ஆம் டிஸ்க்கானாலும் விடை ஒன்றே. இந்தக் கணிதத்தின் பெயர் கிரஷ். உண்மையில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் போடாமல், துண்டுகளை முதலில் சில ஆயிரம் வைப்புக் குழுக்களாகச் சேர்த்து, குழுவுக்கு ஒரு கணக்காகப் போடும். ஒரு டிஸ்க்குக்குச் சுமார் நூறு குழுக்கள் வரும்.

பஞ்சாங்க உவமை இன்னும் ஒரு படி நம்மோடு வரும். ஒருவர் வாக்கியப் பஞ்சாங்கமும் இன்னொருவர் திருக்கணிதமும் பார்த்தால் சில ஆண்டுகளில் திதி முன்பின் ஆகிவிடும், ஊருக்குள் இரண்டு நாள் திருவிழா. கொத்திலும் அதே ஆபத்துதான். பழைய வரைபடம் வைத்திருப்பவரும் புதிய வரைபடம் வைத்திருப்பவரும் வேறு வேறு விடைக்கு வருவார்கள். அதனால் வரைபடம் மாறும்போதெல்லாம் அதற்கு ஓர் எண் கூடும். பேசத் தொடங்குமுன் ஒருவர் கையிலிருப்பது எத்தனையாவது பதிப்பு என்று இன்னொருவர் பார்த்துவிடுவார். பின்தங்கியவருக்குப் புதியது கைமாறும்.

கிரஷ் கணிதத்தின் உள்ளே நடப்பது ஒரு சீட்டுக் குலுக்கல். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை நினைவுக்கு வருகிறதா? இதுவும் கிட்டத்தட்ட அதுதான். ஒவ்வொரு குழுவுக்கும் எல்லா டிஸ்க்குகளும் ஒரு குச்சி எடுக்கும். நீளமான குச்சி எடுத்ததற்கு அந்தக் குழு. குச்சியின் நீளம் தற்செயல் போலத் தோன்றும், ஆனால் குழுவின் எண்ணையும் டிஸ்க்கின் எண்ணையும் பிசைந்து கணக்கிட்டது. எத்தனை முறை குலுக்கினாலும் அதே குச்சி. பெரிய டிஸ்க்குக்குக் குச்சி கொஞ்சம் நீட்டித் தரப்படும், அதனால் கொள்ளளவுக்கு ஏற்றபடி பங்கு வரும்.

இதனால் என்ன லாபம்? பத்து டிஸ்க்குகள் இருக்கும் இடத்தில் பதினொன்றாவதைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘எண்ணைப் பத்தால் வகு, மீதி எதுவோ அந்த டிஸ்க்’ என்ற எளிய விதி வைத்திருந்தால், இனிப் பதினொன்றால் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 91 விழுக்காட்டுத் தரவு இடம் மாறியாக வேண்டும். வீட்டுக்கு ஒரு புது மருமகள் வந்ததற்காக எல்லார் பெட்டி படுக்கையையும் அறை மாற்றுவதுபோல. குச்சி முறையில் பழைய குச்சிகள் எதுவும் நீளம் மாறுவதில்லை. புதியவர் எந்தக் குலுக்கலில் எல்லாரையும் மிஞ்சினாரோ அது மட்டும் அவரிடம் போகும். பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது 9 விழுக்காடு. மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே. இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுந்து இரண்டு முறை அறைக்குள் நடந்தேன்.

சரி, 137 செத்தது யாருக்கு முதலில் தெரிந்தது? பெரட்டு நாளுக்கு ஒருமுறை. கொத்தில் ஆறு நொடிக்கு ஒருமுறை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓ.எஸ்.டி. என்று ஒரு காவல் நிரல் இருக்கிறது. அது தன் பங்காளி டிஸ்க்குகளை ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இருபது நொடி பதில் வராவிட்டால் கண்காணிப்பாளர்களிடம் புகார் போகும். ஒருவர் சொன்னால் ஏற்க மாட்டார்கள். வேறு வேறு கணினியிலிருந்து குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும். புகார் சொன்னவருடைய கம்பியே அறுந்திருக்கலாம் அல்லவா? இரண்டாவது சாட்சியும் வந்ததும் ‘137 விழுந்தது’ என்று வரைபடம் திருத்தப்படும். என் கைப்பேசி அதிர்ந்தது அப்போது.

பிறகு ஒரு பொறுமை. பத்து நிமிடம் யாரும் எதையும் நகர்த்துவதில்லை. விழுந்தது எழுந்து வரலாம். கணினி தானாக மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருக்கலாம். அதற்குள் அவசரப்பட்டு அந்த டிஸ்க்கின் பன்னிரண்டு டெராபைட்டையும் கிளப்பினால் வீண் உழைப்பு. அப்பாவும் தாமதமாக ஓடிவருகிற ஆளுக்காகக் கொஞ்சம் நேரம் பொறுத்துத்தான் பெயரை அடிப்பாராம். மழை நாளில் இன்னும் கொஞ்சம். எங்கள் பத்து நிமிடமும் அப்படி மாற்றி வைக்கக் கூடியதுதான்.

9:55. வரைபடத்திலிருந்து 137 நீக்கப்பட்டது. அந்தக் கணத்தில் எல்லா டிஸ்க்குகளும் ஒரே கணக்கை மறுபடி போடுகின்றன: 137 இல்லாவிட்டால் இந்தக் குழுவுக்கு அடுத்த நீளமான குச்சி யாருடையது? விடை வந்ததும் நகல் வைத்திருப்பவர் புதியவருக்கு எடுத்துக் கொடுக்கத் தொடங்குகிறார். அப்பாவின் கேள்விக்கு விடை இதுதான். நிரை யாருடையது என்று மண்டோர் சொல்வதில்லை. நிரையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் ஒரே கணக்குத் தெரியும்.

வேகத்தையும் பாருங்கள். பழைய முறையில் செத்த டிஸ்க்குக்குப் பதில் ஒரு புது டிஸ்க்கைச் செருகி, அதில் எல்லாவற்றையும் திரும்ப எழுதுவார்கள். நொடிக்கு 200 மெகாபைட் எழுதினால் 12 டெராபைட்டுக்கு 60,000 நொடி, கிட்டத்தட்ட பதினேழு மணி நேரம். அதற்குள் இன்னொன்று செத்தால்? கொத்தில் 137-இன் நூறு குழுக்களும் நாலா பக்கமும் சிதறியிருக்கின்றன. எழுபது டிஸ்க்குகள் ஆளுக்கு நொடிக்கு 40 மெகாபைட் மட்டும் வாங்கிக்கொண்டாலும் ஒரு மணி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஆள் விட்டுப்போன நிரையை எழுபது பேர் ஆளுக்கு நாலு செடியாக முடிப்பதுபோல. வாடிக்கையாளர் வேலை தடைபடக் கூடாது என்று நாங்கள் வேகத்தை மட்டுப்படுத்தியிருந்ததால் அன்று மூன்று மணி நேரம் ஆனது. நான் பதினொன்றுக்கே தூங்கிவிட்டேன்.

கண்காணிப்பாளர்கள் என்றேனே, அவர்கள் யார்? தரவு எதையும் தொடாமல் வரைபடத்தை மட்டும் காப்பவர்கள். எங்களிடம் ஐந்து. ஏன் ஒற்றைப்படை? கோயில் ஆண்டுக் கூட்டத்தில் ‘கோரம் இல்லை’ என்று ஒத்திவைப்பார்கள் அல்லவா, அதே விதி இங்கும். பாதிக்கு மேற்பட்டோர் ஒப்பினால்தான் வரைபடம் மாறும். கம்பி அறுந்து கூட்டம் இரண்டாகப் பிரிந்தாலும் பெரும்பான்மை ஒரு பக்கம்தான் இருக்க முடியும். எனவே இரண்டு வரைபடம் ஒருபோதும் உருவாகாது. மூன்று பேரில் ஒருவர் போனால் தாங்கும். நான்காவது ஆளைச் சேர்த்தால்? நாலில் பெரும்பான்மை மூன்று. அப்போதும் ஒருவர்தான் போகலாம். செலவு கூடியது, பலம் கூடவில்லை. ஐந்தாவது ஆள் வந்தால்தான் இருவர் போனாலும் தாங்கும். நம்பிக்கையற்ற கம்பிகளின் வழியே இப்படி ஒப்புதல் பெறும் முறையை லெஸ்லி லம்போர்ட் வகுத்தார். அதைப் பண்டைக் கிரேக்கத் தீவொன்றின் பகுதிநேர நாடாளுமன்றக் கதையாக அவர் எழுதியதால் பலருக்குப் புரியாமல், 1998-இல்தான் இதழில் வெளியானது. 2013-க்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. செஃப் பயன்படுத்துவதும் அந்த முறையின் ஒரு வடிவம்தான்.

சாவைவிட நான் அஞ்சுவது சத்தமில்லாத கெடுதலை. டிஸ்க் உயிரோடிருக்கும், கேட்டால் பதிலும் சொல்லும், ஆனால் ஓர் எழுத்து மாறியிருக்கும். இதற்காக ஒவ்வொரு துண்டையும் எழுதும்போதே அதன் சாரமாக ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுப் பக்கத்தில் வைக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை கொத்து தன்னிடமுள்ள ஒவ்வொரு பைட்டையும் எடுத்துப் படித்து, எண்ணைச் சரிபார்த்து, மூன்று நகலையும் ஒப்பிடும். இதைத் துலக்கல் என்று சொல்லலாம். கெட்ட நகல் கண்டால் நல்லதைக் கொண்டு திருத்தும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது செய்ததை நினைத்துப் பாருங்கள். செல்லரிக்கும் என்று தெரிந்தே மடங்களும் புலவர் வீடுகளும் தலைமுறைக்குத் தலைமுறை ஏடுகளை மறுபடி எழுதிவைத்தன; அப்படி ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவற்றைத் தேடி எடுத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, எது பிழை எது பாடம் என்று அவர் தீர்மானித்தார். சிதறிக் கிடந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. ஐயருக்கு வருடக்கணக்கான உழைப்பு. எங்களுக்கு அது ஞாயிறு இரவு வேலை.

மூன்று நகல் என்றால் மூன்று மடங்குச் செலவு. அதைக் குறைக்க ஒரு கணக்கு இருக்கிறது. சிறு பிள்ளைக்கும் சொல்லலாம். காப்பாற்ற வேண்டிய எண்கள் 7, 5. இவற்றை அப்படியே வைத்து, கூடவே இரண்டின் கூட்டலான 12-ஐயும், இரண்டாவதை இரட்டித்துக் கூட்டிய 17-ஐயும் வையுங்கள். நான்கு எண்கள், நான்கு டிஸ்க்குகள். இப்போது எந்த இரண்டை வேண்டுமானாலும் அழியுங்கள். மூலமான 7, 5 இரண்டுமே போனாலும் கவலையில்லை: 17-இலிருந்து 12-ஐக் கழித்தால் 5, 12-இலிருந்து 5 போனால் 7. மூலம் முழுதாக அழிந்தும் மூலம் திரும்பி வந்துவிட்டது! இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் 1960-இல் வெளியிட்ட முறை இது. குறுவட்டில் கீறல் விழுந்தும் பாட்டு நிற்காததற்கும், கசங்கிய கியூஆர் குறியீட்டைக் கைப்பேசி படிப்பதற்கும் இதுவே காரணம். கிடங்கில் நான்கு துண்டுக்கு இரண்டு உபரித் துண்டு என்று வைத்தால் ஒன்றரை மடங்கு இடம் போதும். எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். எண்கள் கட்டுமீறிப் பெருகாமல் ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே கூட்டிப் பெருக்கும் கணிதம் இதற்குத் தேவை. அதை வகுத்த எவரிஸ்ட் கால்வா 1832-இல் இருபதே வயதில் ஒரு துப்பாக்கிச் சண்டையில் இறந்தார். அவருடைய கணிதம் அன்றாடம் நம் படங்களைக் காக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் கனக்கும்.

எத்தனை நகல் என்பதைவிட எங்கெங்கே என்பது பெரிய கேள்வி. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் நகல் இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. இதை வெறும் பழங்கதையாக நினைக்க முடியாது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜியோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் ஆவணங்கள் இருந்த 858 டெராபைட் கிடங்கு வெளியே நகலே இல்லாமல் அழிந்தது. பெரிய மேகக் கணிமை நிறுவனங்கள் ஒரு வட்டாரத்துக்கு மூன்று தனித்தனி வளாகங்கள் என்று கட்டுவது இதனால்தான். அமேசான் 2024-இல் மலேசியாவில் தொடங்கியதும் அப்படித்தான். எங்கள் மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தாப்பா பாதையில் மண் சரிந்தால் சிம்பாங் பூலாய் பாதை. இரண்டும் ஒரே சரிவில் இருந்திருந்தால் இரண்டு பாதை இருந்து என்ன பயன்?

இடமும் கொஞ்சம் காலியாக இருக்க வேண்டும். கொத்து 85 விழுக்காடு நிறைந்ததுமே எச்சரிக்கும். ஒரு டிஸ்க் 95-ஐத் தொட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும். வாங்கிய இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். ரிங்லெட்டில் 1963 முதல் நிற்கும் சுல்தான் அபு பக்கார் அணையைக் காட்டுவேன். விளிம்புவரை நீர் வைத்திருந்தால் அடுத்த மழையை எங்கே வாங்குவது? ஒரு கணினி விழுந்தால் அதன் பன்னிரண்டு டிஸ்க்குகளின் சுமையும் மற்றவற்றின் காலி இடத்தில்தான் வந்து விழும்.

ஒன்றை மட்டும் இந்த ஏற்பாடு காப்பாற்றாது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், சோதனைக் கிடங்கு என்று நினைத்து உண்மைக் கிடங்கின் ஒரு பகுதியை அழிக்கும் கட்டளை போய்விட்டது. தட்டியது என் விரல்தான். கொத்து எள்ளளவும் தவறவில்லை. சொன்னதை மூன்று நகலிலும் ஒரே மாதிரி, சில நொடியில், முழு விசுவாசத்தோடு அழித்தது. கடைசியில் மீட்டது, முந்தின வாரம் தனியாக எடுத்துப் பூட்டிவைத்த ஒரு காந்த நாடா. நகல் வேறு, காப்புப் பிரதி வேறு. அன்றிலிருந்து அழிக்கும் கட்டளை எதையும் தட்டச்சு செய்த பிறகு கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்து, திரையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அழுத்துகிறேன்.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் ஓர் ஒழுங்கு. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஒவ்வொரு கணினியாக நிறுத்துவோம். நிறுத்துமுன் ‘இது சாவில்லை, நகர்த்தாதே’ என்று ஒரு கொடி ஏற்றுவோம், முடித்ததும் இறக்குவோம். ஒரு கணினி முழுதாகத் தேறிய பிறகே அடுத்தது. தேயிலையில் கவ்வாத்து வெட்டுவதும் இப்படித்தான். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செடியை மொட்டையாக வெட்டியாக வேண்டும், ஆனால் தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டினால் ஆலைக்குக் கொழுந்து ஏது? மலைச்சரிவில் ஒரு துண்டு மட்டும் பழுப்பாகக் கிடக்க, சுற்றிலும் பச்சை தொடர்வதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கொத்துக்கு ஏழு வயது. தொடக்கத்தில் இருந்த டிஸ்க் ஒன்றுகூட இன்று அதில் இல்லை. கணினிகளும் மாறிவிட்டன. ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை.

விடுமுறை முடிந்து சைபர்ஜெயா திரும்பினேன். தரவு மையக் கூடத்தில் குளிர் ரிங்லெட் அளவுக்கு இருக்கும். சத்தம் மட்டும் தேயிலை ஆலையில் இலை உருட்டும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பதுபோல. நான்காவது அலமாரி, கீழிருந்து மூன்றாவது கணினி. பன்னிரண்டு பெட்டிகளில் ஒன்றில் மட்டும் ஆரஞ்சு விளக்கு. இங்கேதான் கை நடுங்க வேண்டும். பக்கத்துப் பெட்டியை இழுத்துவிட்டால், செத்தது இருக்க உயிருள்ளதைப் பிடுங்கியதாகிவிடும். நான் தொடர் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை உரக்கப் படித்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியர் திருப்பிப் படித்தார். ஒத்துப்போனது. தாழ்ப்பாளை நீக்கி இழுத்தேன். சுழற்சி நின்ற டிஸ்க் இவ்வளவு லேசா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். எடை அதேதான், உள்ளிருந்த அதிர்வு மட்டும் இல்லை.

புதியதைச் செருகினேன். வேண்டுமென்றே வேறு கம்பெனியில், வேறு மாதத்தில் வாங்கியது. ஒரே பெட்டியில் வந்தவை ஒன்றாகவே நோய்ப்படுவதும் உண்டு. பச்சை விளக்கு எரிந்தது. அதே 137 என்ற எண்ணைக் கொடுத்தேன். எண்ணும் எடையும் பழையதாக இருந்ததால் குலுக்கலில் அதே குச்சிகள் அதற்கு விழுந்தன. அதே நூறு குழுக்கள் பல திசையிலிருந்தும் வீடு திரும்பத் தொடங்கின. அப்பாவின் படத்துத் துண்டு ஒன்றும் அவற்றில் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பச்சை விளக்கைப் படமெடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. பின்னால் மழைச் சத்தம்.

“வந்துட்டானா? அவன் பேரு பக்கத்துல குறிச்சுக்க. எத்தனை மணிக்கு வந்தான்னு எழுதி வையி.”

10:40 என்று பதிவேட்டில் எழுதினேன்.